ஒரு பிடி மாவோடு வந்த கிறிஸ்மஸ்



சகோதரிகள் உபவாச ஜெபத்தில் நான் பகிர்ந்துகொண்டதை நம் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி பாஸ்டர் ஐயா கேட்டார்கள். நான் பிரசங்கி அல்ல. ஆனாலும் இந்த டிசம்பர் மாதத்தில் முதல் முறையாகத் தனியாய் உட்கார்ந்திருக்கிற ஏதோ ஒரு சகோதரி இதைப் படிப்பாள் என்று ஆவியானவர் உணர்த்தினபடியால் எழுதுகிறேன். மகளே, மற்றவர்கள் படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி, இது உனக்குத்தான்.

என் வீட்டுக்காரர் 2017-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அரசுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விடியற்காலையில் ஜெபிக்க எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் மனசு கேட்காததினால்தான்.

நம் சபையில் பொட்டில்லை, பூவில்லை, நகையில்லை. வெள்ளைச் சேலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே நான் விதவையானபோது என்னிடமிருந்து கழற்ற ஒன்றும் இருக்கவில்லை. "மற்ற ஜனங்களைப்போல நாம் விதவையை அலங்கோலப்படுத்துகிறதில்லை" என்று நானே முன்பு பெருமையாய்ப் பேசினதுண்டு. ஆனால் அந்த நவம்பரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனேன். மணவாட்டிக்கு நெட் குத்திவிட எப்போதும் "அக்கா, வாங்க" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கூப்பிட வேண்டிய சகோதரி குண்டூசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்க்காமலே தாண்டிப் போனாள். அவள் துஷ்டத்தனமாய்ச் செய்யவில்லை. என்ன செய்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. கழுத்தில் தாலி இல்லாத சபையிலும், ஜனங்கள் கண்ணாலேயே தாலியை அறுத்துவிடுகிறார்கள்.

அந்த மாதக் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. நவம்பர் 30-ந் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீசின காற்றை மறந்தவர் யார்? ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்தன, வாழைத்தோட்டமெல்லாம் படுத்துவிட்டது, கரண்டுக் கம்பங்கள் ரோட்டில் கிடந்தன. எங்கள் வீட்டில் பல நாள் மின்சாரம் இல்லை. அவர் இருந்தால் டிசம்பர் முதல் தேதியே முற்றத்து அயினி மரத்தில் நட்சத்திரம் கட்டிவிடுவார். (நட்சத்திரம் கட்டலாமா கூடாதா என்று நம் சபைகளில் ஒரு வாதம் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. அவர் கட்டுவார், நான் ஏணியைப் பிடிப்பேன்.) அந்த வருஷம் மரமும் இல்லை, கட்டுகிறவரும் இல்லை, கட்டினாலும் எரியக் கரண்டும் இல்லை. உள்ளதைச் சொன்னால், அந்த இருட்டு எனக்கு ஆறுதலாய்த்தான் இருந்தது. ஊர் முழுவதும் இருட்டாயிருக்கும்போது என் வீடு மாத்திரம் வித்தியாசமாய்த் தெரியாதல்லவா?

டிசம்பர் 17, ஞாயிறு. சபையில் கிறிஸ்மஸ் நிகழ்ச்சி. கடைசியில் ஒவ்வொரு வருஷமும்போல ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் சேலை கொடுக்கிறது. பதினைந்து வருஷமாய் நானும் அவரும் மேடையில் நின்று, ஒருவர் கவரை எடுக்க மற்றவர் கொடுப்போம். அன்றைக்கு மைக்கில், "விதவைச் சகோதரிகள் முன்னே வாங்க" என்று பெயர் வாசித்தார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ என் பெயர்!

நான் எழும்பவில்லை. பெயரை இரண்டாம் தரம் வாசித்தார்கள். பக்கத்திலிருந்த பெண் என் முழங்கையைத் தொட்டாள். நான் பைபிளை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாய் வெளியே வந்துவிட்டேன். நடந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பதினைந்து வருஷமாய் நான் கொடுத்த ஒவ்வொரு சேலையும் என் கண்முன்னே வந்தது. வாங்கினவர்கள் ஏன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது நான் அதைத் தாழ்மை என்று நினைத்திருந்தேன்!

அன்று இரவு பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார்கள். கையில் சேலை இல்லை. அதற்காகவே கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "புதன்கிழமை தூத்தூர் பக்கம் கடற்கரைக்குப் போறோம். நீங்களும் வாறியளா?" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "எனக்கே ஆறுதல் சொல்ல ஆளில்ல. நான் யாருக்குப் போய் ஆறுதல் சொல்ல?" என்றேன்.

"ஆறுதல் சொல்லாண்டாம். அரிசிச் சாக்கு இறக்க ஆள் வேணும்" என்றார்கள்.

அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? போனேன்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று 1 இராஜாக்கள் 17-ம் அதிகாரத்துக்குள் போவோம். தேசத்தில் மழையில்லை. கேரீத் ஆறு வற்றிப்போயிற்று. எலியாவைப் போஷிக்க வேண்டும். கர்த்தர் எங்கே அனுப்புகிறார்? அரமனைக்கா? களஞ்சியமுள்ள ஐசுவரியவானிடத்துக்கா? இல்லை! சீதோன் நாட்டில் சாறிபாத் ஊரிலிருக்கிற ஒரு விதவையிடத்துக்கு. அவள் இஸ்ரவேல் ஸ்திரீகூட அல்ல. பட்டண வாசலில் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். மீதியிருக்கிற மாவில் எனக்கும் என் பிள்ளைக்கும் அடை சுட்டுச் சாப்பிடுவோம், பிறகு சாவோம் என்று ஒரு முடிவோடு நிற்கிறாள். அப்படிப்பட்டவளிடத்தில் தேவமனுஷன் முதலில் தண்ணீர் கேட்கிறான், அவள் போகும்போதே பின்னாலிருந்து கூப்பிட்டு, அப்பமும் கொண்டுவா என்கிறான். அதுவும், முதலில் எனக்குச் செய் என்கிறான்!

நான் முன்பெல்லாம் இதை வாசிக்கும்போது எலியாமேல் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. பசித்த விதவையிடம் கேட்கலாமா? ஆனால் நான் அவள் இடத்திலே நின்றபின் வேறொன்று கண்டேன். பஞ்சகாலத்தில் அந்த விதவையிடம் யார் எதைக் கேட்டிருப்பார்கள்? எல்லாரும் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பார்கள், அல்லது பார்க்காமலே போயிருப்பார்கள். உன்னிடத்தில் கொடுக்க இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவளிடம் சொன்னவன் எலியா ஒருவன்தான். ஆயிரம் பேர் எனக்குக் கொடுக்க வந்தார்கள். பாஸ்டரம்மா ஒருத்தர்தான் என்னிடம் கேட்க வந்தார்கள். அல்லேலூயா!

புதன்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து நித்திரவிளை வழியாய்க் கடற்கரைக்குப் போனோம். நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று வரிசையாய் ஊர்கள். அங்குள்ள ஆண்கள் ஆழ்கடல் தொழில் செய்கிறவர்கள். ஒரு தரம் படகேறினால் வாரக்கணக்காய்க் கடலிலே இருப்பார்கள். கரையிலிருந்து நெடுந்தொலைவில் நின்ற அவர்களுக்குப் புயல் எச்சரிக்கை எட்டவில்லை. புயல் கடந்த பிறகு சில படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கின. நூற்றுக்கணக்கான பேர் மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகம்வரைக்கும் போய்த் தப்பினார்கள். ஆகவே போன் மணி அடித்தால் ஊரே ஓடிவரும். சில வீட்டுக்கு நல்ல செய்தி வரும். சில வீட்டுக்கு, கேரளத்து ஆஸ்பத்திரிகளில் அடையாளம் தெரியாத சடலம் இருக்கிறது, டி.என்.ஏ. சோதனைக்கு இரத்தம் கொடுங்கள் என்று வரும். அநேக வீட்டுக்கு ஒன்றுமே வராது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. நான் என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்து, கையைக் கட்டி, பெட்டியில் வைத்து அனுப்பினேன். அந்தப் பெண்களுக்கு அதுவும் இல்லை.

நாங்கள் கொண்டுபோன அரிசிச் சாக்கை எங்கே இறக்குகிறதென்று தெரியவில்லை. கோவில் மண்டபத்தில் ஏற்கெனவே அரிசி மலைபோல் குவிந்திருந்தது. எங்களுக்கு முன்னே பத்து வண்டிகள் வந்திருக்கின்றன! எங்களோடு வந்த ஒரு தம்பி கைப்பிரதி கட்டை எடுத்தார். பாஸ்டர் ஐயா அதை வாங்கி வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, "இன்னைக்கு இது வேண்டாம் தம்பி" என்றார்கள். அந்த ஊர்கள் ஆர்.சி. சபையார் ஊர்கள். நமக்கும் அவர்களுக்கும் உபதேசத்தில் பல வித்தியாசங்கள் உண்டு. ஆனால் அழுகிறவர்களோடு அழவேண்டும் என்று ரோமர் 12-ல் பவுல் எழுதும்போது, முதலில் அவர்கள் எந்தச் சபை என்று கேள் என்று எழுதவில்லையே.

மண்டபத்தின் மூலையில் ஒரு மேஜை. காணாமற்போனவர்களின் விவரங்களை ஊரார் எழுதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர், வயது, படகின் நம்பர், கடலுக்குப் போன தேதி, அடையாளம், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் நகல். எழுதுகிற பையன்கள் இரண்டே பேர், வரிசையோ நீளம். எந்த அலுவலகத்துக்கு எது கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் சரியாய்த் தெரியவில்லை.

சகோதரிகளே, எனக்குத் தெரியும்! மூன்று மாதமாய் நான் வேறென்ன செய்தேன்? இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப ஓய்வூதியம் என்று கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் எல்லாம் ஏறி இறங்கி, செருப்புத் தேய்ந்து, வீட்டுக்கு வந்து அந்தக் காகிதங்களைத் தூக்கி எறிந்து அழுதிருக்கிறேன். எந்தச் சான்றுக்கு எத்தனை நகல், பெயரில் ஒரு எழுத்துப் பிழையிருந்தால் எத்தனை நாள் அலைச்சல், எல்லாம் எனக்கு மனப்பாடம். என் வாழ்க்கையிலேயே நான் அதிகமாய் வெறுத்த அறிவு அது. அதுதான் என் பானையிலிருந்த ஒரு பிடி மாவு என்று நான் அறியவில்லை! நான் கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு மேஜை பக்கம் உட்கார்ந்தேன். ஒரு பையன் பேனா தந்தான்.

மதியத்துக்குமேல் ஒரு பிள்ளை வந்தாள். இருபத்துநாலு வயதிருக்கும். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. புருஷன் நவம்பர் நடுவில் கடலுக்குப் போனவன். எல்லா விவரத்தையும் கணீரென்று சொன்னாள். கையெழுத்துப் போடச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்க மாப்பிள செத்துப்போச்சுன்னு நானே எழுதிக் குடுக்கணுமா அக்கா?"

காணாமற்போன ஒருவர் இறந்துபோனதாகச் சட்டம் எண்ணுவதற்குச் சாதாரணமாய் ஏழு வருஷம் செல்ல வேண்டும். அது யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எழுதினால் அவனை நானே கொன்றது போலாகும், எழுதாவிட்டால் பிள்ளைக்கு ஏழு வருஷம் ஒன்றும் கிடைக்காது என்று இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருந்தாள். பிற்பாடு அரசாங்கம் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கும் நிவாரணம் கொடுத்தது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

நான் அந்தத் தாளைத் திருப்பி வைத்துக் காட்டினேன். "வாசிச்சுப் பாரு மக்களே. 'கடலுக்குச் சென்று திரும்பவில்லை'ன்னுதான் போட்டிருக்கு. வேற ஒண்ணும் போடல. உன் பெயருக்கு எதிரே நான் என்ன எழுதியிருக்கேன்னு பாரு." அங்கே 'மனைவி' என்று எழுதியிருந்தேன்.

செப்டம்பரில் ஒரு அலுவலகத்தில் ஒருவர் விரலால் தட்டி, "இங்கே 'விதவை'ன்னு எழுதும்மா" என்று காட்டினார். அன்றைக்கு என் கை எழுதவில்லை. என் மகன்தான் எழுதினான். அந்த வார்த்தை எத்தனை பாரம் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த ஒருத்தி அந்த மேஜையில் உட்கார வேண்டுமென்று கர்த்தர் நினைத்தார் போலும். 2 கொரிந்தியர் முதலாம் அதிகாரத்தில், நாம் தேவனிடத்தில் பெற்றுக்கொண்ட ஆறுதலினாலேயே மற்றவர்களையும் ஆறுதல்படுத்த முடியும் என்று பவுல் சொல்லுகிறார். எனக்கோ அன்றுவரை ஆறுதல் கிடைத்ததாக நினைப்பே இல்லை. காயந்தான் இருந்தது. காயத்தைக்கூடக் கர்த்தர் எடுத்து உபயோகிப்பார் என்று அங்கேதான் கண்டேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மூன்று மாதமாய்த் துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் என்னை அழாதே அழாதே என்று சொன்னதுதான் மிச்சம். அழ இடம் கொடுத்தது அந்தப் பிள்ளைதான்.

கிறிஸ்மஸ் அன்றைக்குக் காலை ஆராதனை முடிந்ததும் மறுபடியும் போனோம். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து அச்சுமுறுக்கு சுட்டேன். அவர் இல்லாமல் அடுப்பு மூட்டுவதில்லை என்று தீர்மானம்பண்ணியிருந்தேன். சுடும்போது மாவில் கண்ணீர் விழுந்ததென்று சொன்னால் சினிமா போலிருக்கும். விழவில்லை. எண்ணெய் காய்கிறதா என்று பார்க்கவே நேரம் சரியாயிருந்தது. அந்த ஊரில் அந்த வருஷம் கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் மட்டும் முறுக்கைக் கண்டதும் ஓடிவந்தன. பிள்ளைகளுக்குத் தெரியுமா துக்கம்? தின்றன, சிரித்தன. அந்தத் தாய்மாரும் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார்கள்.

ஆனால் சகோதரியே, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் வீடு காலி. அவருடைய கண்ணாடி பைபிள்மேல் அப்படியே இருக்கிறது. அன்று ராத்திரி நான் முன்னைவிட அதிகமாய் அழுதேன். "போய் நாலு பேருக்கு உதவி செய், துக்கம் பறந்துபோம்" என்று யாராவது பிரசங்கித்தால் நம்பாதே. சாறிபாத் விதவையைப் பார். எலியாவுக்கு அப்பம் கொடுத்தாள், மாவு குறையவில்லை, எண்ணெய் தீரவில்லை. அதற்கப்புறம் 17-ம் வசனம் என்ன? அதே வீட்டில் பிள்ளை செத்துப்போனான்! கொடுத்த வீட்டிலும் சாவு வந்தது. கர்த்தர் அந்தப் பிள்ளையை உயிரோடே திரும்பக் கொடுத்தார். எனக்கு என் வீட்டுக்காரரைத் திரும்பத் தரவில்லை, அந்தப் பிள்ளைக்கு அவளுடைய மாப்பிள்ளையையும் தரவில்லை. ஏனென்று நான் கேட்டதுண்டு. இன்னும் சில ராத்திரி கேட்கிறேன். பதில் வந்ததென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் மாவு தீரவில்லை என்பதற்கு நான் சாட்சி. மறுநாள் காலையில் எழும்ப ஒரு காரணம் இருந்தது. அந்த மேஜையில் இன்னும் இருபது தாள் பாக்கி.

யாக்கோபு 1:27-ஐ எல்லாரும் விதவைகளுக்குக் கொடுக்கும் வசனமாகவே எடுக்கிறோம். அங்கே எழுதியிருக்கிற வார்த்தை விசாரிக்கிறது. விசாரிக்கிறதென்றால் வீட்டுக்குப் போக வேண்டும், உட்கார வேண்டும், எப்படியிருக்கிறாய் என்று கேட்க வேண்டும், பதில் வரும்வரை பொறுக்க வேண்டும். மேடையில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. நான் இதைக் குற்றமாய்ச் சொல்லவில்லை, சொல்ல எனக்கு வாயும் இல்லை, பதினைந்து வருஷம் நான்தானே நின்றேன். அடுத்த வருஷம் மூப்பர்களிடம் இதைச் சொன்னோம். கேட்டார்கள். 2018 முதல் நம் சபையில் பெயர் வாசிக்கிறதில்லை. இரண்டிரண்டு பேராய் வீட்டுக்குப் போகிறோம். சேலை வேண்டாம், மருந்து வாங்கித் தாருங்கள் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. ஒரு பாட்டி, "சேலை நெறய இருக்கு, எனக்குப் பைபிள் வாசிச்சுக் காட்ட ஆள் வேணும்" என்றார்கள்.

அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் நாடகத்தில் மேய்ப்பர் உண்டு, சாஸ்திரிகள் உண்டு, ஏரோதுக்குக்கூட ஜரிகை அங்கி உண்டு. அன்னாளுக்கு வேஷமே இல்லை! ஆனால் லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் அவளுடைய தகப்பன் பெயர், கோத்திரம், புருஷனோடு வாழ்ந்த ஏழு வருஷம்வரைக்கும் ஆவியானவர் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஏழு வருஷத்தைக் கர்த்தர் கணக்கில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவள் தனியாய் இருந்தாள். பாலனாகிய இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தபோது, மீட்புக்குக் காத்திருந்தவர்களிடமெல்லாம் அவரைக் குறித்துப் பேசினவள் அந்த விதவைதான்.

அந்தப் பிள்ளை இப்போது தையல் தொழில் செய்கிறாள். ஒவ்வொரு டிசம்பர் 24-ந் தேதி சாயங்காலமும் போன் பண்ணுவாள். முதலில் கேட்பது, "அக்கா, முறுக்கு சுட்டாச்சா?" போன வருஷம் எனக்கு முழங்கால் வலி, சுடவில்லை என்றேன். மறுநாள் பஸ் ஏறி ஒரு டப்பா நிறைய அவளே சுட்டுக் கொண்டுவந்தாள். மகனும் கூட வந்தான். மடியில் வைத்திருந்த குழந்தை, இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டான். ஏணி வைக்காமலே கொய்யா மரத்தில் ஏறி, பரணில் கிடந்த அவருடைய நட்சத்திரத்தைக் கட்டிவிட்டுப் போனான்.

இந்த வருஷம் 23-ந் தேதி காலை ஏழு மணிக்குச் சபை வாசலிலிருந்து வேன் புறப்படும். முதியோர் உதவித்தொகைக்கும் விதவை உதவித்தொகைக்கும் மனு எழுத முடியாமல் அநேகர் இருக்கிறார்கள். வேனில் மூன்று இடம் காலியாயிருக்கிறது. முதல் வருஷத்துக் கிறிஸ்மஸைத் தனியாய்ச் சந்திக்கிற சகோதரியே, ஆறுதல் சொல்ல வேண்டாம், பாட்டுப் பாட வேண்டாம். ஒரு பேனா எடுத்துக்கொண்டு வா.